சிலாங்கூர் தமிழரும் போலீசும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் தமிழர்களுக்கும் காவல்துறைக்கும் இடையிலான பிணக்கு ரப்பர் தோட்டங்களில் தொடங்கியது.

1941இல் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் பின்னே திரண்ட தொழிலாளர்கள் சீனருக்குச் சமமான கூலி கேட்டார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையோ கிராணியோ (எழுத்தர்) எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழியவேண்டும் என்றார்கள். முதலாளிக்கு ஒரு காசும் செலவு வைக்காத இந்தக் கோரிக்கையில்தான் அந்தப் போராட்டத்தின் உயிர் இருந்தது. சங்கத்தை வழிநடத்திய ஆர். எச். நாதன் மே 5இல் கைதானார். வேலைநிறுத்தம் கோல சிலாங்கூர்த் தோட்டங்களுக்கும் பரவியது. மே 16இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, படையும் இறக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது 5 பேர் மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அதோடு மோதல் ஓயவில்லை. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மார்ச்சில் ரவாங் அருகே துப்பாக்கியுடன் பிடிபட்டதாகச் சொல்லி, மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறின. தோட்டத்து லயங்களைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் புறம்போக்குக் குடிசைகளிலும் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் ஒண்டின. வேலையில்லாத இளைஞர்களைக் குண்டர் கும்பல்கள் வளைத்தன. இதை மறைப்பதால் யாருக்கும் நன்மையில்லை. ஆனால் கும்பலில் இல்லாத பையனும் சந்தேகத்துக்கு ஆளானான். தடுப்புக்காவலில் இறந்தவர்களில் எண்ணிக்கையில் மலாய்க்காரர்களே அதிகம். நாட்டின் மக்கள்தொகையில் சுமார் 7 விழுக்காடே உள்ள இந்தியர்களின் பங்கோ அந்த விகிதத்தை வெகுவாகத் தாண்டுகிறது.

2009 ஜனவரியில் சொகுசு கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட 22 வயது ஏ. குகன், சுபாங் ஜெயா தைப்பான் காவல்நிலையத்தில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. சவக்கிடங்கில் உடலின் காயங்களைக் கண்ட குடும்பம் இரண்டாவது பரிசோதனை கோரியது. அடிபட்டுத் தசைகள் சிதைந்ததால் சிறுநீரகம் செயலிழந்தது அதில் வெளிவந்தது. ஒரு கான்ஸ்டபிளுக்கு மட்டும் சிறைத்தண்டனை கிடைத்தது. 2013இல் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்கு 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

காவல்துறைமீதான புகார்களை விசாரிக்கச் சுயேச்சை ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் 2005இலேயே பரிந்துரைத்திருந்தது. 2021 ஏப்ரலில், கோம்பாக்கில் தடுத்துவைக்கப்பட்டிருந்த ஏ. கணபதி செலாயாங் மருத்துவமனையில் இறந்தபோதும் காவல்துறைக்கென்று தனியே அப்படி ஓர் ஆணையம் இல்லை. 2023 ஜூலை 1இல் நடப்புக்கு வந்த சட்டம் ஆணையத்தை அமைத்தது. ஆனால் தவறிழைத்த போலீஸ்காரரைத் தண்டிக்கும் அதிகாரத்தை அதற்குத் தரவில்லை.