மின்சாரம் எழுதிவைக்கும் உயில்

சித்தூர்ச் சீமையிலே, தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் ஊர் கங்காதர நெல்லூர். 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர இராஜ்யம் உதயமாகும்வரை, சித்தூர் ஜில்லா சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. 2004-ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேச அரசு உழவுக்கு இலவச மின்சாரம் அளித்தது. ஆயினும் அது குறித்த மணி நேரங்களுக்கே கிடைத்தது. முறை இரவில் வந்தால், குடியானவர் டார்ச் விளக்குடன் வரப்பில் நடந்து மோட்டாரைப் போட வேண்டும். பாம்பும் ஈரக் கம்பியும் அவ்வழியில் காத்திருக்கும். இதற்கஞ்சிப் பலர் தானியங்கி ஸ்டார்ட்டரைப் பொருத்தினர். மின்சாரம் வந்ததும் மோட்டார் ஓடும். கிணறு வற்றியிருந்தாலும் ஓடும்! கட்டளை உண்டு, பதில் இல்லை.

பதில் பெறும் முறையொன்று வேறு தேவைக்காகப் பிறந்தது. 1999-இல் ஐ.பி.எம். ஸ்தாபனத்து ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும், ஆர்காம் ஸ்தாபனத்து ஆர்லன் நிப்பரும், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க எம்.க்யூ.டி.டி. என்னும் முறையை வகுத்தனர். செயற்கைக்கோளில் செய்தி அனுப்பச் செலவு மிகுதி. ஆகவே தந்தியைப் போன்ற சிக்கனம் வேண்டியிருந்தது. 2010-இல் இது கட்டணமின்றி வழங்கப்பட்டது; 2016-இல் சர்வதேச நியமமாயிற்று. சைகை மங்கிய வயல்வெளிக்கும் அச்சிக்கனமே பொருந்துகிறது.

இதன் அமைப்பு பத்திரிகைச் சந்தாவை ஒத்தது. நடுவே ஒரு தரகர் யந்திரம். ஒரு தலைப்பில் வரும் செய்தியை, அத்தலைப்புக்குச் சந்தா கட்டியோருக்கெல்லாம் அது சேர்ப்பிக்கும். வீட்டுப் பிளக் பாயிண்டு ஒரு தலைப்பில் கட்டளை பெறும். மற்றொன்றில், 'போட்டாயிற்று' என்று நிலையைத் தெரிவிக்கும். மோட்டாரின் பளுவைப் பிளக் பாயிண்டு தாங்காது. அதற்குரிய ஸ்டார்ட்டரை இதே முறையில் இணைக்கலாம்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள என்னைக் கவர்ந்தது 'உயில்' என்ற ஏற்பாடு. கருவி, இணையும்போதே தன் கடைசிச் செய்தியைத் தரகரிடம் ஒப்படைக்கிறது. திடீரென அதன் தொடர்பு அறுந்தால், தரகர் அவ்வுயிலை வெளியிடுகிறார். மௌனமும் செய்தியாகிறது.

எச்சரிக்கை ஒன்றுண்டு. 'போடு' என்னும் பழைய கட்டளையைத் தரகரிடம் நிலைக்க வைத்தால், மின்சாரம் திரும்பியதும் கேட்பாரின்றி மோட்டார் ஓடும். பழைய ஸ்டார்ட்டரின் பிழையே மீண்டும் நேரும். தரகருக்குக் கடவுச்சொல் இல்லையேல், அயலாரும் கட்டளையிடலாம்.

ஆகவே, தொலைவிலிருந்து ஏவுவது பாதி வேலையே. ஏவியது நடந்ததா என்று கேட்டறிவதுதான், குடியானவரை இருட்டு வரப்பிலிருந்து காக்கும்.