வாய்க்கால் வழக்கு: மூன்று படையெடுப்புகளைத் தாண்டிய ஒரு நீர்ச்சட்டம்

1238 அக்டோபரில் அரகோன் மன்னர் முதலாம் ஹைமே வலென்சியா நகருக்குள் நுழைந்தார். இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக ஐந்து நூற்றாண்டுகள் நீடித்த இஸ்லாமிய ஆட்சி அன்றோடு முடிந்தது. பெரிய மசூதி தேவாலயமானது. நகரத்து முஸ்லிம்கள் வெளியேறினர். அவர்களுடைய வீடுகளும் வயல்களும் மன்னரோடு வந்த கத்தலோனியருக்கும் அரகோனியருக்கும் பங்கிடப்பட்டன; யாருக்கு எது போயிற்று என்று எழுதிவைத்த பதிவேடு இன்றும் இருக்கிறது. ஆட்சி, சமயம், நிலவுடைமை மூன்றும் தலைகீழான அந்த ஊரில் ஒன்று மட்டும் பழையபடியே இருக்க வேண்டும் என்று மன்னர் ஆணையிட்டார். 1239-இல் வாய்க்கால்களைக் குடிகளுக்கு வழங்கிய அவருடைய சாசனம் ‘ஃபுர்ஸ்’ என்னும் வலென்சியச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றது. சரசேனியர், அதாவது முஸ்லிம்கள், காலத்தில் எப்படி வழக்கமோ அப்படியே தண்ணீரைப் பாய்ச்சிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

இதே ஆணை வேறு இரண்டு வெற்றிகளுக்குப் பின்னும், வேறு இரண்டு அரசுகளின் பெயரால் பிறப்பிக்கப்பட்டிருக்கிறது. 1536-இல் ஸ்பெயினை ஆண்ட பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் ஸ்பானிய அமெரிக்காவுக்காகவும், 1846-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டுத் தளபதி ஸ்டீபன் கியர்னி நியூ மெக்சிகோவுக்காகவும் பிறப்பித்தவை அவை. தோற்றவர்களின் நீர்ப்பங்கீட்டில் வென்றவர்கள் ஏன் கைவைக்காமல் விட்டார்கள், அந்த வழக்கத்தை உண்மையில் ஆட்டங்காணச் செய்தது எது என்பவையே இக்கட்டுரை எழுப்பும் கேள்விகள்.

முதலில் வலென்சியா. தூரியா ஆற்றின் இரு கரைகளிலும் பிரியும் வாய்க்கால்களே அந்நகரைச் சூழ்ந்த வயல்வெளிக்கு உயிர். ஸ்பானிய மொழியில் வாய்க்காலுக்கு ‘அசெக்கியா’ என்று பெயர். அரபிலிருந்து வந்த சொல். ஆற்று நீர் கன அளவாகப் பிரிக்கப்படவில்லை. மொத்தம் 138 பங்குகள் என்று வைத்துக்கொண்டார்கள். அதில் மொன்காதா வாய்க்காலுக்கு 48; குவார்ட், மெஸ்தாயா, ஃபவாரா, ராஸ்கான்யா, ரொவேயா ஆகிய ஐந்துக்கும் தலா 14; தொர்மோஸ், மிஸ்லாதா இரண்டுக்கும் தலா 10. ‘ஃபிலா’ எனப்படும் இந்தப் பங்கு ஒரு விகிதம் மட்டுமே. ஆற்றில் வெள்ளம் போனால் எல்லோருடைய பங்கும் பெருகும், ஆறு வற்றினால் எல்லோருடைய பங்கும் சுருங்கும். வறட்சியின் இழப்பு கடைமடைக்காரனின் தலையில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. டமாஸ்கஸைச் சுற்றியுள்ள கூத்தா சமவெளியின் விகிதப் பங்கீட்டோடு இதை ஒப்பிட்டு, இரண்டும் ஒரே மரபைச் சேர்ந்தவை என்று வரலாற்றாசிரியர் தாமஸ் கிளிக் வாதிட்டார். 1970-இல் வெளிவந்த அவருடைய நூல்தான் இத்துறையில் இன்றைக்கும் அடிப்படை.

இன்னொரு விதி இதைவிட முக்கியமானது. வலென்சியாவில் தண்ணீர் நிலத்தோடு ஒட்டியது. வயலை விற்றால் அதன் நீர்முறையும் சேர்ந்தே போகும். தண்ணீரை மட்டும் தனியே விற்க முடியாது. ஸ்பெயின் முழுவதும் இப்படி இருந்ததில்லை. தெற்கே லோர்காவில் பல நூற்றாண்டுகள் தண்ணீர் ஏலம் போயிற்று. அலிகாந்தேயில் 1594-இல் திபி அணை கட்டி முடிந்தபின் ‘பழைய தண்ணீர்’, ‘புதிய தண்ணீர்’ என இருவகை உரிமைகள் உண்டாயின. நிலமே இல்லாதவர்கூடத் தண்ணீருக்கு உடைமையாளராக முடிந்தது. ஒரே கடற்கரை, ஒரே வெயில், ஏறக்குறைய ஒரே அரபு மரபு. அப்படியிருந்தும் இரண்டு எதிரெதிர் ஏற்பாடுகள். மரபு ஒரு வழியை மட்டும் விட்டுச்செல்வதில்லை. எந்த வழியைத் தொடர்வது என்பதை ஒவ்வோர் ஊரும் முடிவு செய்திருக்கிறது.

வலென்சியாவின் நீர் நீதிமன்றம் உலகறிந்தது. வியாழன்தோறும் நண்பகலில், தேவாலயத்தின் அப்போஸ்தலர் வாயிலுக்கு முன்னே, கருப்பு மேலங்கி அணிந்த எட்டுப் பேர் வட்டமாக அமர்கிறார்கள். மொன்காதாவுக்குத் தனி நிர்வாகம் உண்டு. மற்ற ஏழு வாய்க்கால்களோடு, குவார்ட்டின் பங்கில் பாயும் பெனாகர்–ஃபைதனாரும் சேர்ந்து எட்டு. இந்த எட்டுப் பேரும் தத்தம் வாய்க்காலில் பாசனம் செய்யும் விவசாயிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தாங்களும் உழுது பயிரிடுகிறவர்கள். காவலர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா என்று கேட்கிறார். முறை தவறி மடையைத் திறந்தவர், வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டவர், அடுத்தவர் வயலில் தண்ணீரைப் பெருக்கிவிட்டவர் வந்து நிற்பார்கள். விசாரணை வாய்மொழியாகவே நடக்கும், வழக்கறிஞர் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர் வலக்கரைக்காரர் என்றால் இடக்கரை நடுவர்கள் முன்னின்று விசாரிப்பார்கள். தன் வாய்க்கால்காரரின் வழக்கில் ஒரு நடுவர் தீர்ப்பில் பங்கெடுப்பதில்லை. இந்த ஒரு விதிக்காகவே இம்மன்றம் நெடுங்காலம் மதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இம்மன்றத்தின் வயது பற்றிய கதை கவனமாகக் கையாளப்பட வேண்டியது. 1960-இல் வலென்சியா அதன் ஆயிரமாண்டு விழாவைக் கொண்டாடியது. அந்தக் கணக்குக்கு வேர் பிரான்சிஸ்கோ சாவியர் பொருல் என்னும் சட்ட அறிஞரிடம் இருக்கிறது. தனி நீதிமன்றங்களையெல்லாம் ஒழித்துப் பொதுச் சட்டத்தின் கீழ் கொண்டுவர முனைந்த காதிஸ் நாடாளுமன்றத்தில், 1813-இல் இந்த மன்றத்தைக் காப்பாற்றப் பேசியவர் அவர். அதைக் கார்டோபா கலீஃபாக்களின் காலம்வரை பின்னோக்கிக் கொண்டுபோனதும் அவரே. வியாழக்கிழமையைத் தேர்ந்தது இஸ்லாமிய வழக்கத்தின் எச்சம் என்றும், முஸ்லிம்கள் தேவாலயத்துக்குள் வர முடியாததால்தான் வாசலில் கூடினார்கள் என்றும் விளக்கங்கள் உண்டு. கேட்க இனிமையானவை, ஆனால் மன்றம் இப்போதைய வடிவில் பத்தாம் நூற்றாண்டில் இயங்கியதற்கு ஆவணச் சான்றாக அவற்றைக் கொள்ள முடியாது. உறுதியாகச் சொல்லத்தக்கது வேறு. 1435 மே மாதத்தில் பெனாகர்–ஃபைதனார் வாய்க்கால்களின் பாசனக்காரர்கள் 84 பேர் புனித பிரான்சிஸ் மடத்தில் கூடித் தங்களுக்கான விதிகளைத் தாங்களே வகுத்தார்கள். பொதுவளங்களைப் பற்றி எழுதி 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரமும் இக்கூட்டத்தை எடுத்துக்காட்டினார். வயது எவ்வளவு என்பதைவிட, யார் விதி செய்தார்கள் என்பதே ஆய்வுக்குரிய செய்தி.

முதலாம் ஹைமேயின் ஆணையைப் பெருந்தன்மை என்று வாசிக்க நான் தயங்குகிறேன். விதி தொடர்ந்தது, விதியை ஆக்கியவர்கள் தொடரவில்லை. நகரைச் சுற்றிய வளமான வயல்கள் கைமாறின. நாட்டுப்புறத்தில் தங்கிய முஸ்லிம்கள் நூற்றாண்டுகள் கழித்துக் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாகி, 1609-இல் தொடங்கிய வெளியேற்றத்தில் கப்பல் ஏற்றப்பட்டார்கள். மன்னருக்கு வேண்டியிருந்தது அடுத்த அறுவடை. வாய்க்காலின் சரிவும் மதகுகளின் அகலமும் மண்ணில் ஏற்கெனவே வெட்டப்பட்டுவிட்டவை. பங்கீட்டை மாற்ற வேண்டுமானால் வயல்வெளியையே திரும்ப வெட்ட வேண்டும். புதிதாக வந்து குடியேறியவர்களுக்குப் பயிர் காய்வதற்குள் தண்ணீர் வேண்டும், வரி வாங்கும் அரசுக்கு விளைச்சல் வேண்டும். பழைய முறையைத் தொடர்வது இவ்விரண்டுக்கும் விரைவான வழி.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இதே தர்க்கம் சட்ட வடிவம் பெற்றது. நீரைப் பகிர்வதில் இந்தியர்கள், அதாவது அம்மண்ணின் பழங்குடிகள், கொண்டிருந்த ஒழுங்கையே நிலம் பெற்ற ஸ்பானியர்களும் பின்பற்ற வேண்டும் என்ற 1536-ஆம் ஆண்டு ஆணை, 1681-இல் வெளியான ஸ்பானிய அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. ஏட்டில் இருந்தது இது. களத்தில் நடந்தது வேறு. 1598-இல் ஸ்பானியரான ஹுவான் தே ஓன்யாதே வடக்கே, இன்றைய நியூ மெக்சிகோவின் ரியோ கிராந்தே பள்ளத்தாக்கில் குடியேற்றம் அமைத்தபோது, ஆகஸ்ட் மாதத்தில் முதல் வாய்க்காலை வெட்டச் சுமார் 1,500 புவெப்லோ மக்கள் வேலை செய்தார்கள் என்கின்றன பதிவுகள். ஸ்பானியர் வருமுன்பே பாசனம் அறிந்த மக்கள் அவர்கள். 1680-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து ஸ்பானியர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் விரட்டிவைத்தார்கள். நியூ மெக்சிகோவின் அசெக்கியாக்களை அரபு–ஸ்பானியக் கொடையாக மட்டும் எழுதும் வரலாறுகள் இந்த உழைப்பையும் அறிவையும் மறைத்துவிடுகின்றன.

அங்கே வளர்ந்த ஏற்பாடு வலென்சியாவின் உறவு, ஆனால் நகல் அல்ல. பங்குதாரர்கள் ‘பார்சியாந்தே’, அவர்கள் தேர்ந்தெடுக்கும் நீர்க் கண்காணிப்பாளர் ‘மயோர்தோமோ’. வசந்தத்தில் எல்லோரும் மண்வெட்டியோடு இறங்கி வாய்க்காலைத் தூர்வார வேண்டும். எவ்வளவு நிலமோ அதற்கேற்ற ஆள்வேலை. வேலைக்கு வராதவர் முறை கேட்க முடியாது. வலென்சியாவில் நீதிமன்றம் செய்வதை இங்கே மயோர்தோமோ வாய்க்கால் கரையிலேயே பேசி முடிக்கிறார். 

1846 ஆகஸ்டில் கியர்னி நியூ மெக்சிகோவின் சாந்தா ஃபேயைப் பிடித்தார். அடுத்த மாதமே வெளியான அவருடைய சட்டத் தொகுப்பு, நீரோட்டங்களைப் பற்றி அதுவரை இருந்த சட்டங்கள் தொடரும் என்றது. 1851, 1852-ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதை உறுதிப்படுத்தின. மூன்றாம் முறையாக வென்றவர் தோற்றவரின் வாய்க்கால் வழக்கை ஏற்றுக்கொண்டார்.

அதை அசைத்தது அறுபதாண்டு கழித்து வந்த 1907-ஆம் ஆண்டு நீர்ச்சட்டம். நீருரிமை அனுமதிச்சீட்டாகி, அரசுப் பொறியாளர் அலுவலகத்தின் கைக்குப் போனது. நிலத்திலிருந்து பிரித்து வேறிடத்துக்கும் வேறு பயனுக்கும் மாற்றலாம் என்றானது. அலிகாந்தேயின் வழி இங்கே புதிய பெயரில் வந்தது எனலாம். ஒரு பங்குதாரர் தன் நீரை விற்றுவிட்டால் வாய்க்காலில் ஓட்டம் குறையும், தூர்வார ஆள் குறையும், எஞ்சியவர்களின் சுமை கூடும். 1985-இல் ரியோ அரிபா மாவட்டத்தின் என்செனாதாவில், சுற்றுலாத் திட்டம் ஒன்றுக்காகப் பாசன நீரை மாற்றுவதை உள்ளூர் நீதிபதி தடுத்தார். ஒரு வாழ்முறையைப் பணத்தால் அளக்க முடியாது என்பது அவருடைய வாதம். 1988-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய தீர்ப்பை ரத்து செய்தது. 2003-இல் மாநிலச் சட்டமன்றம் தலையிட்டது: நீர்மாற்றம் வாய்க்காலுக்கோ அதன் உறுப்பினர்களுக்கோ கேடு செய்யும் என்றால் அதை மறுக்கும் அதிகாரத்தை அசெக்கியாக்களே தங்கள் விதிகளில் எழுதிக்கொள்ளலாம்.

வலென்சியாவின் நிலைமை இதற்கு மறுபக்கம். ஸ்பெயினின் 1985-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டம் நீர் நீதிமன்றத்தைப் பெயர் சொல்லி ஏற்றது. 2009-இல் முர்சியாவின் நல்லோர் அவையோடு சேர்த்து யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. தண்ணீர் இன்றும் நிலத்தைவிட்டுப் பிரிவதில்லை. ஆனால் நிலமே கட்டடமாகவும் சாலையாகவும் மாறிக்கொண்டிருந்ததை மன்றத்தால் தடுக்க முடியவில்லை, ஏனெனில் அது மடைக்கு நடுவரே தவிர மனைக்கு அல்ல. அங்குள்ள தன்னாட்சி அரசு வயல்வெளியைக் காக்கத் தனிச்சட்டம் கொண்டுவந்தது 2018-இல்தான்.