போடியிலிருந்து வெளிநாட்டுக் கல்லூரிக்கு: பிள்ளையின் முதல் ஆண்டு

போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜாக்காடு பக்கத்து ஏலத்தோட்டங்களில் வளர்ந்து, படிப்புக்காகக் கீழே இறங்கி வந்த ஒரு தலைமுறை நம் குடும்பங்களில் உண்டு. போடியில் உறவினர் வீட்டில் தங்கியவர்கள், உத்தமபாளையத்தில் 1956-ல் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரிக்குப் போனவர்கள், மதுரை வரை சென்றவர்கள் என்று பலரை நமக்குத் தெரியும். 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்ததற்கே முதல் மாதம் சோறு இறங்கவில்லை, வெக்கை தாங்கவில்லை, யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை என்று அவர்களே சொல்வார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. தாங்க முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை மாலை ஜீப் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம்.

இன்று அவர்களுடைய பிள்ளைகள் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் மெல்போர்னுக்கும் கோலாலம்பூருக்கும் படிக்கப் போகிறார்கள். அங்கிருந்து ஜீப் கிடையாது. எந்த நாடு, எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம் என்று விசாரிப்பதில் காட்டும் அக்கறையை, போய் இறங்கிய பிறகு பிள்ளை எப்படி வாழப்போகிறது என்பதில் நாம் காட்டுவதில்லை. அதைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

முதலில் பணம். பிள்ளைகள் அங்கே நிலைகுலைவதற்குப் பெரும்பாலும் குளிரோ மொழியோ காரணமாக இருப்பதில்லை. பணத்தை வீட்டில் கேட்க முடியாமல் தவிப்பதுதான் காரணம். பிரிட்டன் மாணவர் விசாவுக்குக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்த தொகை தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் இருந்ததாகக் காட்ட வேண்டும். நம் பக்கத்தில் சில முகவர்கள் இதற்கு ஒரு 'வழி' சொல்லித் தருகிறார்கள். யாரிடமாவது கைமாற்று வாங்கிக் கணக்கில் போடு, 28 நாள் கழித்து எடுத்துக் கொடுத்துவிடு என்கிறார்கள். விசா கிடைத்துவிடும். பிள்ளை போய் இறங்கும்போது அந்தப் பணம் இருக்காது. அந்த விதி அதிகாரிகளை ஏமாற்றிக் கடக்க வேண்டிய தடை அல்ல, பிள்ளை பட்டினி கிடக்காமல் இருப்பதற்கான கணக்கு. ஜெர்மனி இதில் கறாரானது. 2024 செப்டம்பரிலிருந்து ஓராண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுவிட வேண்டும். அங்கு போனபின் மாதம் 992 யூரோ வீதம்தான் எடுக்க முடியும். தொகை பெரிதுதான். ஆனால் மாதாமாதம் தவிக்க வேண்டியதில்லை.

ஏலக்காயை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. காய் பறிப்பு ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை சுற்றுச் சுற்றாக நடக்கிறது. பல நாடுகளில் கல்லூரிக் கட்டணம் செப்டம்பரிலும் ஜனவரியிலும் கேட்கப்படும். செப்டம்பரில் முதல் சுற்றுக் காய்தான் ஸ்டோரில் காய்ந்துகொண்டிருக்கும். விலையோ நம் கையில் இல்லை. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனதை நாம் பார்த்தோம். மூன்று ஆண்டுக்குள் அது 1,000 ரூபாய்க்குக் கீழே இறங்கியதையும் பார்த்தோம். 2024 கோடையில் வெயிலில் செடிகள் கருகியதையும் மறக்க முடியாது. விலை உச்சத்தில் இருந்த ஆண்டில் துணிந்து மூன்றாண்டுப் படிப்புக்கு அனுப்பிவிட்டு, இரண்டாம் ஆண்டில் விழி பிதுங்கிய வீடுகள் உண்டு. எனவே நம் யோசனை இதுதான்: முதல் ஆண்டுக் கட்டணமும் குறைந்தது ஆறு மாதச் சாப்பாடு, வாடகைச் செலவும் கையில் இருந்தால் மட்டுமே விமானம் ஏறட்டும். வரப்போகும் விலையை நம்பி வேண்டாம்.

வட்டிக் கடன் வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் நம்மில் அதிகம். வெளிநாட்டுக் கல்விக் கடனின் வட்டிக்கு மானியம் தந்துவந்த மத்திய அரசின் 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் அது இருப்பதாகச் சொல்லும் முகவர்களை நம்ப வேண்டாம். இயன்ற வரையில் குடும்பத்துக்குள் திரட்டும் கர்ளன் ஹஸனாவே நல்லது. அதையும் எழுதி, சாட்சி வைத்துக் கொடுங்கள். பிள்ளைக்கு அந்தக் கணக்கை முழுமையாகத் தெரியப்படுத்துங்கள். இன்னொன்று: ஓராண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் கைப்பணத்திலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் வங்கி டிசிஎஸ் பிடிக்கும். அது போன பணம் அல்ல. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் சரிக்கட்டலாம், திரும்பவும் பெறலாம். கணக்கே தாக்கல் செய்யாமல் அதை விட்டுவிடுபவர்கள் உண்டு.

'அங்கே போய் வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வான்' என்ற பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் பாடநாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. கனடாவில் 2024 நவம்பரிலிருந்து கல்லூரிக்கு வெளியே 24 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். இந்த வருமானம் சாப்பாட்டுக்குக் கைகொடுக்கலாம், கட்டணத்துக்கு எட்டாது. பிரிட்டனில் மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. அதனால் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலி வேலையும் விதிமீறலாகிவிடும். நண்பனின் பெயரில் உள்ள கணக்கை வாங்கி ஓட்டுவது அதைவிட மோசம். பிடிபட்டால் விசா போய்விடும், படிப்பும் போய்விடும். வகுப்புக்குத் தொடர்ந்து வராதவர்களைப் பல்கலைக்கழகம் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் அங்கு இருக்கிறது. இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுக் காலை வகுப்பில் இல்லாத மாணவனின் கதை அங்கேதான் போய் முடிகிறது.

படிப்பு முறையும் தலைகீழ். நம் ஊரில் நோட்ஸில் உள்ளதை வரி மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண். அங்கே பிறர் எழுதியதை ஆதாரம் காட்டாமல் அப்படியே எழுதினால் திருட்டு. நம் பிள்ளை ஏமாற்ற நினைத்திருக்காது, பன்னிரண்டு ஆண்டுகள் பழகியதைச் செய்திருக்கும். ஆனால் விசாரணைக் கடிதம் வந்துவிடும். புறப்படும் முன்பே மேற்கோள் காட்டும் முறையைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். பல பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே எழுத்துப் பயிற்சி மையம் இருக்கிறது, தனிக் கட்டணமும் கிடையாது. ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதும், அவர் சொன்னதை வகுப்பிலேயே மறுத்துப் பேசுவதும் அங்கு மரியாதைக்குறைவு இல்லை. வாய் திறக்காமல் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் மாணவியைத்தான் 'இவளுக்கு ஒன்றும் தெரியாது போலும்' என்று நினைத்துவிடுகிறார்கள்.

மருத்துவம் படிக்க அனுப்புவோருக்கு ஒரு வார்த்தை. நீட் தேர்ச்சியோடு, 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகளின்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, ஆங்கிலவழிக் கல்வி, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யத் தகுதி ஆகிய அனைத்தும் இருந்தால்தான் இந்தியாவில் தேர்வெழுதி மருத்துவராக முடியும். முகவர் காட்டும் துண்டுப் பிரசுரத்தை விட்டுவிட்டு, கல்லூரியிடமிருந்தே இவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

இனி மனம். 1955-ல் நார்வேயைச் சேர்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர், அமெரிக்காவுக்குப் படிக்கப் போய்வந்த தம் நாட்டவரை விசாரித்து எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும், பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் அங்கே நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் மிகவும் சிரமப்பட்டிருந்தார்கள். எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்பதில்லை, பின்னால் வந்த ஆய்வுகள் இதைக் கேள்விக்கும் உட்படுத்தியிருக்கின்றன. ஆனாலும் நமக்கு இதில் பயன் உண்டு. முதல் மாதம் விமான நிலையப் படம், பனிப் படம் எல்லாம் வரும். நாமும் 'பிள்ளை செட்டாகிவிட்டது' என்று நிம்மதியாகிவிடுகிறோம். புதுமை தீர்ந்து, பணம் கரைந்து, நான்கு மணிக்கே இருட்டும் டிசம்பரில்தான் பிள்ளைக்கு நாம் தேவைப்படுகிறோம்.

அந்த இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். போடியில் மஃக்ரிப் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையிலேயே இருக்கும். லண்டனில் டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது, ஜூனில் ஒன்பதே காலைத் தாண்டி மறைகிறது. குளிர்காலத்தில் லுஹர், அஸர், மஃக்ரிப் மூன்றும் ஒரே பகல் வகுப்புகளுக்குள் நெருங்கி வந்துவிடும். பழகாத பிள்ளை முதல் வாரத்திலேயே தடுமாறி, பிறகு விட்டுவிடும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தொழுகை அறை இருக்கிறது. கேட்டால் காட்டுவார்கள், கேட்கத்தான் கூச்சம். பிரிட்டனின் முஸ்லிம் மாணவர் சங்கங்களின் கூட்டமைப்பும், வட அமெரிக்காவின் முஸ்லிம் மாணவர் சங்கமும் இரண்டுமே 1963-ல் தொடங்கப்பட்டவை. எனவே நம் பிள்ளை அங்கே முதல் ஆள் அல்ல. ஜும்ஆ எங்கே, ஹலால் கடை எங்கே, வீடு எங்கே மலிவு என்பதையெல்லாம் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். ஊர்க்காரர்களுடன் தங்குவது முதலில் தெம்பு தரும். ஆனால் தமிழ் மட்டுமே பேசும் ஆறு பேர் ஒரே வீட்டில் இரண்டாண்டு இருந்துவிட்டு வந்தால் மொழியும் வராது, பழக்கமும் வராது.

கூப்பிடும் நேரம் சின்ன விஷயமாகத் தோன்றும். இஷா தொழுது, சாப்பிட்டுவிட்டு இரவு பத்து மணிக்கு நாம் அழைக்கும்போது, குளிர்காலத்தில் லண்டனில் மாலை நாலரை. பிள்ளை வகுப்பிலோ பேருந்திலோ இருக்கும். அவசரமாக 'நல்லா இருக்கேன் அத்தா' என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். டொராண்டோவில் இருந்தால், நாம் சுப்ஹு தொழுதுவிட்டு ஆறு மணிக்கு அழைப்பதே நல்லது, அங்கே முந்திய நாள் இரவு ஏழரை. நேரத்தைப் பிள்ளையிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாமா, சாச்சா, பக்கத்து வீடு என்று எல்லோரையும் சுற்றி உட்கார வைத்துப் பேசினால் எந்தப் பிள்ளையும் மனதில் உள்ளதைச் சொல்லாது. வாரத்தில் ஒரு நாளாவது தாய் தனியாகப் பேசட்டும், தந்தை தனியாகப் பேசட்டும்.

வீடியோவை அணைத்துவிட்டே பேசுவது, வாரக்கணக்கில் அழைப்பைத் தவிர்ப்பது, பகலிலும் தூங்குவது, தேர்வைப் பற்றிக் கேட்டால் எரிந்து விழுவது ஆகியவை தெரிந்தால் 'ஷைத்தான் பிடித்துவிட்டது', 'சேர்க்கை சரியில்லை' என்று முடிவு கட்ட வேண்டாம். பல்கலைக்கழகத்தில் மனநல ஆலோசகர் இருப்பார். அங்கே சொல்வது பொதுவாக வெளியே போகாது, மதிப்பெண்ணிலும் ஏறாது. 'போய்ப் பார், நாங்கள் தப்பாக நினைக்க மாட்டோம்' என்று பெற்றோர் வாயால் வந்தால்தான் பிள்ளை போகும். ஒரு பாடத்தில் தோற்றதை ஆறு மாதம் மறைத்த பிள்ளைகள் உண்டு. 'எவ்வளவு செலவு தெரியுமா' என்ற ஒரே கேள்விக்குப் பயந்துதான் மறைத்தார்கள்.

பெட்டி கட்டும்போது: பிரிட்டனுக்கு இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகத் தடை இருப்பதால் நெய், பால்கோவா வேண்டாம். ஆஸ்திரேலியாவுக்கு ஏலக்காய், மிளகு, மசாலாப் பொடி எதுவானாலும் படிவத்தில் எழுதிக் காட்டிவிட வேண்டும், மறைத்தால் அபராதம். வளைகுடா நாட்டுக் கல்லூரிக்குப் போனால் கசகசா ஒரு சிட்டிகைகூடக் கூடாது, அது அங்கே போதைப்பொருள் வழக்கு. போடிமெட்டுக்குப் போடும் ஸ்வெட்டர் கனடாவுக்குப் பத்தாது. கனமான கோட்டை இங்கே வாங்காமல் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.

போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில், வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்தில் மாணவராகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது, எந்த ஊரில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற விவரம் எவ்வளவு முக்கியம் என்பது தெரிந்தது. பிரிட்டனுக்குப் போகும் மாணவர் விசாவுடன் ஆண்டுக்கு 776 பவுண்ட் மருத்துவக் கட்டணமும் கட்டியிருப்பார். ஆனால் அருகிலுள்ள மருத்துவரிடம் பெயரைப் பதிவு செய்யாமல் காய்ச்சலுக்கு இங்கிருந்து மாத்திரை கேட்டுக்கொண்டிருப்பார். கட்டிய பணத்துக்கு அங்கே பதிவு செய்யச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு, சேர்க்கைக் கடிதம், காப்பீடு, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். உடன் தங்கியிருக்கும் ஒருவரின் எண்ணையும் வாங்கி, பிள்ளைக்குத் தெரிந்தே, அதோடு சேர்த்து எழுதி வையுங்கள்.