விளக்கும் வினிகரும்

கருங்குழி என்றதும் பலருக்கு வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்ததாகச் சொல்லப்படும் ஊர் நினைவுக்கு வரும். அது வடலூர்ப் பக்கம். மதுராந்தகத்தை ஒட்டிய எங்கள் கருங்குழிக்கு அப்படியொரு ஐதீகம் இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கென்று விடியலில் சென்னைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண்களைத்தான் இங்கே பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் நோய் முற்றிய பிறகே கிளம்புகிறார்கள். முன்னதாகவே அதைக் கண்ணால் கண்டுவிட முடியாதா என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

1925-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹின்செல்மன், கருப்பை வாயை விளக்கொளியில் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியை உருவாக்கினார். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை (வினிகரின் புளிப்பு அதுதான்) அங்கே தடவினால், புற்றாக மாறக்கூடிய திசு வெளுத்துத் தெரியும். அவ்வணுக்களில் உட்கருப் புரதம் மிகுதி. அமிலம் பட்டு அது உறைந்ததும் ஒளி உள்ளே புகாமல் திரும்பிவிடுகிறது.

நாம் பெருமைப்படும் சர் சி. வி. ராமனின் வழி வேறு. சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறுவதையும், அம்மாற்றமே மூலக்கூறின் அடையாளம் என்பதையும் 1928-இல் அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டனர். லேசர் வந்தபின் ஆய்வாளர்கள் அதைத் திசுக்களிலும் பயன்படுத்தினர். 1984-இல் நியூயார்க்கில் ஆல்ஃபானோ குழுவினர், லேசர் பட்டதும் புற்றுத் திசு உமிழும் ஒளியே வேறுபடுவதைக் காட்டினர். அழகான இயற்பியல்தான். ஆனால் அந்தக் கருவிகள் கிராமத்துக்கு வரவில்லை.

வந்தது ஹின்செல்மனின் வினிகர், பெரிதாக்கும் ஆடிகூட இல்லாமல். 2000-இல் திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையின் சமூக நல மையமும் அடையாறு நிறுவனமும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இணைந்து ஓர் ஆய்வைத் தொடங்கின. பயிற்சி பெற்ற செவிலியர், ஹாலோஜன் விளக்கு, பஞ்சு, அமிலம்; அவ்வளவே. 30 முதல் 59 வயதுவரையிலான 49,311 பெண்களில் 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தனர். மாதவிலக்கைப் பற்றிக்கூட வாய்திறக்கக் கூசும் ஊர்களில் இது சிறிய எண்ணிக்கை அல்ல. இப்புற்றால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அவ்வாண்டே அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் இம்முறையை முன்னோட்டமாகத் தொடங்கியது. 2021 முதல் உலகச் சுகாதார நிறுவனம் வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனைக்கே முதலிடம் தருகிறது.

அந்த 35 விழுக்காட்டைக் கணக்கிட ஒப்பீட்டுக் குழு ஒன்று தேவைப்பட்டது. அதிலிருந்த 30,958 பெண்களுக்கு நோய் பற்றிய விளக்கமும் வழக்கமான மருத்துவமுமே கிடைத்தன. விளக்கும் வினிகரும் அவர்களிடம் போகவில்லை. இது அறமா என்ற கேள்வி பின்னாளில் எழுந்தது. ஆய்வு வெளியான நாளில், அவர்களில் 92 பேர் அந்நோயால் இறந்திருந்தனர்.