கொழுந்துத் தராசும் சைக்கிள் பவர் மீட்டரும்



நம்ம கொழுந்து மடுவத்தில் தொங்குகிற டிஜிட்டல் தராசும், பந்தய சைக்கிளில் பூட்டுகிற பவர் மீட்டரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னால் நம்புவீர்களா? பவர் மீட்டர் என்பது, சைக்கிள் மிதிப்பவரின் கால் எவ்வளவு வலுவைக் கொடுக்கிறது என்று வாட் கணக்கில் காட்டுகிற சின்னக் கருவி.

இரண்டுக்குள்ளும் மயிரிழை போன்ற உலோகக் கம்பி ஒட்டப்பட்டிருக்கிறது. பாரம் ஏறினால் அடியில் உள்ள உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். கம்பி நீளும், அதன் மின்தடை கூடும். அந்த மாற்றத்தைத்தான் கருவி கிலோவாகவோ வாட்டாகவோ கணக்குப் போடுகிறது. 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். ரூஜ் அப்போது ஆராய்ந்தது தராசை அல்ல. நிலநடுக்கத்தில் தண்ணீர்த் தாங்கி என்னாகும் என்பதை! 1986இல் உல்ரிச் ஷோபரர் என்ற ஜெர்மன் பொறியியலாளர் அதைச் சைக்கிளுக்குக் கொண்டு போனார்.

இந்தக் கம்பிக்கு ஒரு குணம் உண்டு. சூடு குளிர் மாறினால் பூச்சியம் நகரும். அதனால் சைக்கிள்காரர்கள் வண்டியை வெளியே வைத்துக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, மிதிக்காமல், பூச்சியத்தைச் சரிசெய்த பிறகுதான் புறப்படுவார்கள். சந்தேகம் வந்தால் பெடல் தண்டில் தெரிந்த எடையைத் தொங்கவிடுவார்கள். 170 மில்லிமீற்றர் தண்டு கிடையாக நிற்க, 10 கிலோ தொங்கினால் கருவி ஏறக்குறைய 16.7 நியூட்டன் மீற்றர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கருவியில் பிழை. விளையாட்டுக்கே இவ்வளவு கவனம்!

இனி நம்ம கதைக்கு வருவோம். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட காலத்திலிருந்து எத்தனையோ மாறிவிட்டது. துண்டு முறை 1921இல் ஒழிந்தது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளம் சட்டமானது. ஆனால் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பதைத் தீர்மானிப்பது இன்றும் தராசுதான். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவானபோதும், அதற்கு எத்தனை கிலோ என்றுதானே பல தோட்டங்களில் வாக்குவாதம் எழுந்தது!

ஒரு கணக்கு. தோட்டத்தில் 18 கிலோ கேட்கிறார்கள், அவர் சரியாக 18 எடுத்திருக்கிறார் என்று வைப்போம். நாளுக்கு மூன்று நிறுவை. பூச்சியம் 400 கிராம் குறைவாக நின்றால் ஒவ்வொரு நிறுவையிலும் 400 கிராம் போகும். பின்னேரம் ஏட்டில் விழுவது 16.8 கிலோ. அவர் கையும் முதுகும் 18 கிலோவுக்கு உழைத்தவை.

முள்ளுத் தராசு காலத்தில் முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்க முடிந்தது. டிஜிட்டலில் எண் மட்டும்தான் தெரியும். அதுவும் எங்களுக்கு அதிகம் உறுத்துவது கழிவு விஷயம். சாக்கின் எடையைப் பொத்தானை அழுத்தியே கழித்துவிடலாம். அப்படிக் கழித்த பிறகு ஏட்டிலும் சாக்குக்கு என்று ஒரு கிலோ கழித்தால், ஒரே சாக்குக்கு இரண்டு தடவை கொடுக்கிறோம். ஈரத்துக்குக் கழிப்பது வேறு. எது எதற்கு என்று கேட்க வெட்கப்படவே வேண்டாம்.

சோதிப்பது சுலபம். கொக்கி வெறுமையாக இருக்கும்போது 0.00 காட்டுகிறதா? வெறும் சாக்கைத் தொங்கவிட்டால் எவ்வளவு? சீல் உடைக்காத 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 5 கிலோவுக்குச் சற்றுக் கூடக் காட்டும். கூடுதல் போத்தலின் எடை. இரண்டு போத்தலுக்கு அதன் இரட்டிப்பு வர வேண்டும். வெறுமையில் பூச்சியம் சரியாக இருந்தும் பாரத்தில் பிசகினால் பொத்தானால் திருத்த முடியாது, திருத்துபவரிடம்தான் போக வேண்டும். கடைத் தராசுகளுக்கு முத்திரையிட 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும், அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களமும் இருக்கின்றன. மடுவத்துத் தராசில் முத்திரை இருக்கிறதா, எந்த ஆண்டு முத்திரை என்று தலைவர்மார் ஒருமுறை பார்த்தால் நல்லது.

காலைக் குளிரில் பார்த்தது மட்டும் போதாது. வெயில் ஏறிய பிறகு, பகல் நிறுவைக்கு முன்பும் கொக்கியை வெறுமையாக விட்டு ஒருதரம் பாருங்கள்.