பதற வைக்கும் அழைப்புகள்: மோசடிக்காரரிடமிருந்து முதியவர்களைக் காப்பது எப்படி?

பிற்பகல் இரண்டு மணி. மகள் கனடாவில், மகன் கொழும்பில். வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். கைபேசி ஒலிக்கிறது. "அம்மா, உங்கட நம்பருக்கு ஐஞ்சு இலட்சம் ரூபா பரிசு விழுந்திருக்கு. காசு கைக்கு வரும்வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. இப்ப மெசேஜில ஒரு இலக்கம் வரும், அதை மட்டும் வாசிச்சுச் சொல்லுங்கோ."

அந்த இலக்கத்தைச் சொன்னால், சில நிமிடங்களில் சேமிப்புக் கணக்கு வெறுமையாகிவிடலாம்.

இப்படி ஏமாறுபவர்களைப் பேராசைக்காரர் என்றோ விபரம் தெரியாதவர் என்றோ சொல்லிவிடுவது எளிது. ஆனால் மோசடிக்காரர் தேடுவது ஒருவருடைய தனிமையையும் காத்திருப்பையும்தான். போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் பிரித்துப்போட்ட குடும்பங்களில் இவை இரண்டுக்கும் குறைவில்லை.

எந்த வேடத்தில் வருகிறார்கள்?

பரிசு, வங்கி, உதவித்தொகை: தொலைபேசி நிறுவனம், வங்கி, அஸ்வெசும அலுவலகம் என்று ஏதாவது ஒரு பெயரில் அழைப்பு வரும். அவர்களுக்கு வேண்டியது ஓ.டி.பி எனப்படும், ஒரு முறை மட்டும் பயன்படும் இரகசிய இலக்கம். அதை எந்த வங்கி ஊழியரும் தொலைபேசியில் கேட்பதில்லை. "இதை யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்ற எச்சரிக்கை அந்தக் குறுஞ்செய்தியிலேயே இருக்கும். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருவதால், பல முதியவர்களுக்கு அது புரிவதில்லை.

பிள்ளையின் பெயரில் வரும் செய்தி: மகளின் வட்ஸ்அப் கணக்கைக் களவாக எடுத்தவர், மகள் எழுதுவதுபோலவே "அம்மா, அவசரமாகக் காசு வேணும், இந்தக் கணக்குக்குப் போடுங்கோ" என்று எழுதுவார். மகனுக்கு விபத்து, பொலிஸ் பிடித்துவிட்டது என்று வேறு யாரோ அழைப்பதும் உண்டு. அழைப்பைத் துண்டித்துவிட்டு, பிள்ளையின் வழமையான இலக்கத்துக்கு நீங்களே எடுத்துப் பேசுங்கள். குரலைக் கேட்கும்வரை ஒரு ரூபாவும் அனுப்ப வேண்டாம்.

வெளிநாட்டுப் பார்சல்: பேஸ்புக்கில் அறிமுகமான "வெளிநாட்டு நண்பர்" நகையும் டொலரும் அனுப்பியதாகச் சொல்வார். பிறகு "சுங்கத்திலிருந்து" அழைப்பு வரும். பார்சலை விடுவிக்கப் பணம் கட்டச் சொல்வார்கள். அரச திணைக்களத்துக்குரிய கட்டணத்தைத் தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்கிலோ ஈசி காஷிலோ போடச் சொன்னால் அது மோசடி.

வெளிநாட்டு வேலை: பேரனை அனுப்புவதற்காகக் காணியை ஈடு வைப்பவர்களும் தாலிக்கொடியை அடகு வைப்பவர்களும் பெரும்பாலும் வீட்டிலுள்ள முதியவர்களே. முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் 1989 என்ற இலக்கத்தில் கேட்டு உறுதிப்படுத்தலாம். "விசிட் விசாவில் போய், அங்கே வேலை விசாவாக மாற்றலாம்" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

காசு பெருக்கும் திட்டம்: பணம் போட்டு இன்னும் இருவரைச் சேர்த்தால் வருமானம் என்பது பிரமிட் திட்டம். இது வங்கித்தொழில் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்டது. தடைசெய்யப்பட்ட நிறுவனங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது. இதற்கு ஆள் சேர்த்துவிடுபவர் பெரும்பாலும் உறவினராகவோ ஒரே கோயிலுக்கு வருபவராகவோ இருப்பதால் மறுப்பது கடினம்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் பெயரில்

எல்லாவற்றிலும் கொடியது இது. "உங்கட மகன் உயிரோட இருக்கிறார், ஒரு முகாமில கண்டனான். வெளியில எடுக்கலாம், கொஞ்சம் செலவாகும்" என்று சொல்லிப் பணம் பறித்த கதைகள் இங்கே புதிதல்ல. போராடி, ஆணைக்குழுக்களுக்கு நடந்து களைத்துப்போன ஒரு தாய்க்கு அந்த ஒரு வார்த்தை போதும். மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பவர்கூட இதைச் சந்தேகிக்க மனம் வராமல் தவிப்பார்.

இப்படி யாராவது வந்தால் தகவலைக் கேளுங்கள், எழுதி வையுங்கள், பணம் கொடுக்காதீர்கள். உண்மையாகத் தகவல் தெரிந்தவர் அதற்கு விலை பேசத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் முறைப்பாடு செய்யவோ, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் உதவி கேட்கவோ கட்டணம் இல்லை. அந்த அலுவலகத்தின் மீது பல குடும்பங்களுக்கு நம்பிக்கை இல்லை என்பது வேறு விடயம். அந்த நம்பிக்கையின்மையையும் மோசடிக்காரர் தமக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார் என்பதை மறக்கக்கூடாது.

மூன்று அடையாளங்கள்

வேடம் மாறினாலும் மூன்று விடயங்கள் மாறுவதில்லை.

அவசரம்: "இப்பவே செய்யாட்டி வாய்ப்புப் போயிடும்."
இரகசியம்: "பிள்ளைகளுக்கும் சொல்லாதேங்கோ."
முன்பணம்: காசு வருவதற்கு முதலில் காசு கேட்பது, அல்லது இரகசிய இலக்கத்தைக் கேட்பது.

மூன்றில் ஒன்று தென்பட்டாலும் அழைப்பைத் துண்டித்துவிடலாம். அது மரியாதைக் குறைவல்ல. "பிள்ளையோட கதைச்சிட்டுச் சொல்லுறன்" என்ற ஒரு வசனம் போதும்.

பணம் போய்விட்டால்

முதலில் வங்கிக்கு அழைத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள். காலம் போகப் போகப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்புக் குறையும். குறுஞ்செய்தி, அழைப்பு வந்த இலக்கம், வைப்புப் பற்றுச்சீட்டு எதையும் அழிக்க வேண்டாம். பிறகு அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையொப்பமிட வேண்டாம். கைபேசி, இணைய மோசடிகளுக்கு இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவை 101 இல் அழைக்கலாம். வங்கி முறைப்பாடுகளுக்கு மத்திய வங்கியின் இலக்கம் 1935. கடை, பொருள் தொடர்பான ஏமாற்றுகளுக்கு நுகர்வோர் அதிகார சபை 1977.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

ஏமாந்த முதியவர் பலநாள் அதை வெளியில் சொல்வதில்லை. "இந்த வயதில புத்தியில்லையோ?" என்று பிள்ளைகள் கேட்பார்கள் என்ற பயம்தான் காரணம். அந்த மௌனத்தில் இரண்டாம் அழைப்பும் வரும்: போன காசை மீட்டுத் தருகிறோம், அதற்கும் கட்டணம் உண்டு என்று. அதனால் முதலில் திட்டாமல் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா என்று கேட்பதோடு, "இந்தக் கிழமை புது ஆக்கள் ஆராவது எடுத்தவையோ?" என்றும் கேளுங்கள். பணம் கேட்கும்போது சொல்லவேண்டிய ஒரு குடும்பச் சொல்லை முன்கூட்டியே பேசி வையுங்கள். வங்கியின் இலக்கத்தையும் உங்கள் இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதி, கைபேசி வைக்கும் இடத்துக்கு அருகில் ஒட்டுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது செய்யலாம் என்று வைக்காமல், இன்றைக்கே பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்கலாம்.