பொடியில் பிடித்த வானம்

மார்கழி விடியற்காலையில், காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர் பக்கம் போய் நின்று பாருங்கள். வயல் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. பனைமரங்கள் பாதி கரைந்து நிற்கும். இந்தப் பனிமூட்டத்தைப் படமாக வரைய எது தோது? ஆயில் பெயின்ட் காய நாளாகும். வாட்டர் கலர், தண்ணீர் இழுத்த பக்கம் ஓடும். பேஸ்டல் கட்டியால் தேய்த்து, விரலால் லேசாக நீவிவிட்டால்... இதோ பனி!

பேஸ்டல் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. வண்ணப்பொடி, சாக்பீஸ் மாவு, சேர்த்துப் பிடிக்கக் கொஞ்சூண்டு கோந்து. நம் வாசல் கலர் கோலப்பொடிக்கு ஒன்றுவிட்ட தங்கை! எண்ணெய் கிடையாது என்பதால் நாளாக நாளாக மஞ்சள் பூக்காது. ஆனால், கை பட்டால் போச்சு. மேலே கண்ணாடி போட்டே ஆகவேண்டும். வில்லங்கமே அங்கேதான். கண்ணாடி எவ்வளவு பெரிசோ, படமும் அவ்வளவுதான்!

1720-ல் வெனிஸிலிருந்து பாரிஸுக்கு வந்தார் ரோஸால்பா கரியேரா என்ற பெண் ஓவியர். அவருடைய பேஸ்டல் படங்களுக்குப் பிரபுக்களிடம் ஏக கிராக்கி. பெரும்பாலும் மார்பளவுப் படங்கள்தான். 1755-ல் லா டூர் என்ற ஓவியர், மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலியான பாம்பதூர் சீமாட்டியைப் பல தாள்களை ஒட்டி முழு உருவமாக வரைந்தார். கிட்டத்தட்ட 6 அடி உயரம்! அத்தனை பெரிய கண்ணாடிக்கு அரண்மனை கஜானாவால்தான் கட்டுப்படியாகும். 1789-ல் புரட்சி வெடித்தது. பிரபுக்களோடு சேர்ந்து பேஸ்டல் மோகமும் அடங்கியது.

முகத்தை விட்டு வானத்துக்கு பேஸ்டலைத் திருப்பியவர்களில் முக்கியமானவர் யூஜின் பூதேன். கப்பல்காரர் மகன். பிரான்ஸின் வடக்குக் கடற்கரையில் உட்கார்ந்து, ஓடும் மேகங்களைச் சின்னச் சின்னத் தாள்களில் பிடித்தார். ஓரத்தில் தேதி, நேரம், காற்றின் திசைகூடக் குறித்து வைப்பார்! 1859-ல் அவற்றைப் பார்த்த கவிஞர் போதலேர் சொக்கிப் போய் எழுதினார். பூதேன் வெட்டவெளிக்கு இழுத்துப்போய் வரையவைத்த இளைஞர் யார் தெரியுமா? பின்னாளில் உலகப்புகழ் பெற்ற மோனே!

நம் நாட்டில்? 1890-களில், கல்கத்தா கலைப்பள்ளியின் இத்தாலிய ஆசிரியர் கிலார்டியிடம் பேஸ்டல் கற்றார் அபனீந்திரநாத் தாகூர். ரவீந்திரநாத்தையும் பேஸ்டலில் வரைந்தார். ஆனால், பிற்பாடு அவர் பெயர் வாங்கியது தண்ணீரில் கழுவிக் கழுவி மங்கலாக்கும் ‘வாஷ்’ பாணியில்.

ஆக, பேஸ்டலில் வானம் வந்துவிட்டது. பெரிய வானம் வரவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர்களில் ஒருவர், அமெரிக்காவின் ஜாரியா ஃபோர்மன். இவருடைய அம்மா ரீனா ஒரு போட்டோகிராபர். கிரீன்லாந்துப் பனிமலைகளைத் தேடிப்போகத் திட்டமிட்டவர், 2011-ல் இறந்துபோனார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி 2012-ல் மகள் கிளம்பினார். திரும்பிவந்து விரலாலும் உள்ளங்கையாலும் பொடியைத் தேய்த்துத் தேய்த்து, சுவரளவுக்குப் பனிமலைகளை வரைந்தார். அண்டார்டிகாவுக்குப் போய்வந்து வரைந்ததில் ஒன்று 12 அடி நீளம்!

உருகிக்கொண்டிருக்கும் மலையை, ஊதினால் பறக்கும் பொடியில் வரைவது... யோசித்தால் கொஞ்சம் நெஞ்சை அடைக்கிறது. பொடியைக் காப்பாற்ற ஒரு கண்ணாடி போதும்.

பனிமலைக்கு?